வாசிக்கிறேன்க்கா

ஒன்பதரை என்பது இங்கே நேரமில்லை, ஒரு மனிதர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டடத்தில் ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவே லிஃப்டுக்குள் தானே மாட்டிக்கொண்டு, ஒரு மத்தியானம் முழுக்க உள்ளிருந்து கத்தினார். லிஃப்ட் மெக்கானிக்கே லிஃப்டில் மாட்டினால், கூட வேலை பார்ப்பவர்கள் சும்மா விடுவார்களா? அன்று விழுந்த பெயர் பிறகு எழுந்து போகவேயில்லை. அலுவலகத்தில் ஒன்பதரை அண்ணன், கட்டடங்களில் ஒன்பதரை சார். வீட்டில் மனைவிக்குக் கோபம் வந்தால் வெறும் ஒன்பதரை, மற்ற நேரங்களில் 'என்னங்க'.

பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று தொழிலில் அவருக்குப் பெயர். லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கேட்டால் மற்ற மெக்கானிக்குகள் 'இதோ பத்து நிமிஷம்' என்பார்கள். இவர் முகத்துக்கு நேராக 'நாளைக்குத்தான்' என்பார். திட்டு வாங்குவார், ஆனால் மறுநாள் லிஃப்ட் ஓடும். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பொய்யை மட்டும், அதுவும் சொந்த அக்காவிடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருபது வருஷத்துக்கு மேல் சொல்லிவந்தார்.

அக்கா அவரைவிட எட்டு வயது மூத்தவர். ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. ஒன்பதரை இளவட்டமாக இருந்தபோது ஒரு மில்லில் பஞ்சு மூட்டை தள்ளிக்கொண்டிருந்தார். அந்த மில் தொழிலாளர்களுக்கென்று ஒரு பேண்டு இருந்தது. வேலை முடிந்தும் தம்பி வீட்டுக்கு வராமல் பேண்டு ஒத்திகைக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டிருப்பது அக்காவுக்குத் தெரியவந்தது. சைக்கிள் வாங்கவென்று தான் சேர்த்துவைத்திருந்த பணத்தில் பழைய கிளாரினெட் ஒன்றை வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தார்.

“சைக்கிள்?” என்றார் தம்பி.

“நடந்தா உடம்புக்கு நல்லதுடா,” என்றார் அக்கா. அந்த நல்லதைப் பல வருஷம் தினமும் காலையிலும் மாலையிலும் அனுபவித்தார்.

தம்பியும் மோசம் செய்யவில்லை. பத்து வருஷம் மில் பேண்டில் நன்றாகவே வாசித்தார். பிறகு லிஃப்ட் கம்பெனி வேலை, வேறு ஊர், கல்யாணம், ஒரு மகள். இவ்வளவு ஆசையாக வாசித்தவர் ஏன் நிறுத்தினார் என்று கேட்டால், ஏதோ பெரிய சோகக் கதை வரப்போகிறது என்று நாம் நிமிர்ந்து உட்காருவோம். ஒன்றுமில்லை. கிளாரினெட்டின் மேல்பாகமும் கீழ்ப்பாகமும் ஒன்றுக்குள் ஒன்று செருகும் இடத்தில் சுற்றியிருக்கும் கார்க் பிய்ந்துபோனது. அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. மகள் வளர்ந்து படித்து வேலைக்கு வெளியூர் போயே போய்விட்டாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாரா வாரம் வந்தது. அக்காவின் போனும் கூடவே வந்தது. அக்காவிடம் மூன்றே கேள்விகள்தான்.

“சாப்பிட்டியா? பொண்ணு நல்லா இருக்காளா? வாசிக்கிறியாடா?”

“வாசிக்கிறேன்க்கா.”

முதல் சில தடவை அப்படிச் சொன்னது, கார்க்கை மாற்றிவிடுவோம் என்ற நம்பிக்கையில். அப்புறம் பழக்கத்தில். அதற்கும் அப்புறம் மனசாட்சி லேசாக உறுத்தத் தொடங்கியபோது தமிழ் கைகொடுத்தது. கிளாரினெட்டையும் வாசிக்கலாம், செய்தித்தாளையும் வாசிக்கலாம் அல்லவா? அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் அடித்ததும் ஒரு கையால் போனையும் மறுகையால் செய்தித்தாளையும் எடுத்துக்கொள்வார். “வாசிக்கிறியாடா?” என்று அக்கா கேட்கும்போது கண் தலைப்புச் செய்தியில் இருக்கும். “வாசிக்கிறேன்க்கா.” அரிச்சந்திரனே வந்தாலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

மனைவி இதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க,” என்று ஒருமுறை சொன்னார். “அக்காவுக்குச் சந்தோஷம்தானே,” என்றார் இவர். பேச்சு அத்தோடு முடிந்தது.

பூசணிக்காய் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே தலைநீட்டியது. அன்று அக்கா நான்காவதாக ஒன்று சொன்னார்.

“அடுத்த மாசம் எனக்கு ரிட்டயர்மென்ட்டுடா. சலவைப் பிரிவுல எல்லாரும் சேர்ந்து சின்னதா ஒரு விழா வைக்கிறாங்க. என்ன பரிசு வேணும்னு கேட்டாங்க. ஒண்ணும் வேணாம், என் தம்பி வந்து வாசிக்கட்டும், அது போதும்னு சொல்லிட்டேன்.”

எதை என்று கேட்க வாய் துடித்தது. அடக்கிக்கொண்டார்.

“அந்தத் தூக்கம் வர்ற பாட்டு இருக்குல்ல, அதை வாசி,” என்றார் அக்கா. மில் பேண்டு எந்த நிகழ்ச்சியையும் முடிக்கும்போது வாசிக்கிற மெதுவான ஒரு மெட்டு அது. அதற்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். அவர்கள் வீட்டில் அது தூக்கம் வர்ற பாட்டுதான். “உன்னை இவங்களுக்கெல்லாம் தெரியும்டா. இத்தனை வருஷமா சொல்லிட்டே இருக்கேன்ல.”

போனை வைத்துவிட்டு ஒன்பதரை கொஞ்ச நேரம் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்தும் ஓடவில்லை. பிறகு தரையில் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டார்.

பெட்டியைத் திறந்தால் பரிதாபமாக இருந்தது. கார்க் தொட்டதும் தூளானது. துளைகளை மூடும் தோல் வட்டங்கள் காய்ந்து சுருங்கியிருந்தன. ஊதும் வாயில் கட்டுகிற ரீட், அந்த மெல்லிய நாணல் பட்டை, விளிம்பில் பிளந்திருந்தது. இது ஒன்றும் அவருக்குப் பெரிய காரியமில்லை. தேய்மானத்தையும் உரசலையும் சரிசெய்வதே பிழைப்பாக இருக்கிற மனிதர். கடையில் மெல்லிய கார்க் தகடு வாங்கி அளவாக வெட்டி ஒட்டினார். தோல் வட்டங்களை மாற்றினார். புது ரீட் வாங்கினார். கிளாரினெட் பழையபடி ஆகிவிட்டது. உதடுதான் ஆகவில்லை.

கிளாரினெட்டை வாசிக்கக் கீழுதட்டைக் கீழ்ப்பல்லின் மேல் மடித்து, அதன் மேல் ரீடை அணைத்துப் பிடிக்க வேண்டும். வாயின் இரண்டு ஓரமும் இறுகியிருக்க வேண்டும். ஒன்பதரை பிடித்தார், ஊதினார். ஓரத்தில் காற்று புஸ்ஸென்று போனது. இன்னும் அழுத்தி ஊதியபோது வந்த சத்தத்தைக் கேட்டு மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

“யாராவது மாட்டிக்கிட்டாங்களா?”

கீழ்வீட்டு நர்ஸ் அம்மா இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அவர் துடைப்பக் கட்டையால் தன் கூரையை, அதாவது இவர்களுடைய தரையை, நாலு தட்டுத் தட்டினார். தட்டிய விதத்திலேயே என்ன சொல்ல வருகிறார் என்று தெரிந்தது. இருபது வருஷம் வாசித்தேன் என்று சொன்ன மனிதரால் இருபது விநாடி வாசிக்க முடியவில்லை. வீட்டில் வாசிக்கவும் வழியில்லை. விழாவுக்கோ ஒரு மாதம்கூட இல்லை.

ஆனால் லிஃப்ட் மெக்கானிக்குகளிடம் யாரும் நுழையாத அறைகளின் சாவி இருக்கும். ஒன்பதரையின் பொறுப்பில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதன் மொட்டை மாடிக்கும் மேலே மெஷின் ரூம். கதவில் மண்டையோடு வரைந்து அபாயம் என்று எழுதியிருக்கும். உள்ளே மோட்டார், ஆள் உயரச் சக்கரம், அதில் சுற்றித் தரையிலுள்ள ஓட்டைகள் வழியாகக் கீழே இறங்கும் இரும்புக் கயிறுகள். சுற்றிலும் ஒரு வீடு கிடையாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிளாரினெட் பெட்டியோடு மேலே போய்க் கதவைத் தாழிட்டு, ஒரு எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, காற்று வருகிறதே என்று கயிறு இறங்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். யாரும் தட்டவில்லை. உலகத்திலேயே தனக்குத்தான் இப்படி ஒரு இடம் கிடைத்திருக்கிறது என்று நினைத்தார்.

மூன்றாம் நாள் அலுவலகத்தில் புகார் எடுக்கும் அம்மா போனில் கூப்பிட்டார். வருகிற புகாரில் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அப்படியே சொல்லுவது அவர் வழக்கம்.

“அண்ணே, உங்க பன்னெண்டு மாடி. லிஃப்டு அலறுதாம்.”

“அலறுதா?”

“நான் சொல்லலை, பார்ட்டி சொன்னாங்க. மத்தியானத்துல அலறுதாம்.”

ஒன்பதரைக்கு வேலையில் அலட்சியம் கிடையாது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தை, ஆம், வாசிக்கிற நேரத்தையே, தியாகம் செய்து லிஃப்டைப் பரிசோதித்தார். திருப்புளியின் நுனியை மோட்டாரில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். லிஃப்டின் கூரை மேல் நின்றுகொண்டு பன்னிரண்டு மாடியும் மெல்ல ஏறி இறங்கி, தண்டவாளங்களுக்கு எண்ணெய் விட்டார். ஒரு சத்தமும் இல்லை. டாக்டர் வாசலுக்குப் போனதும் காய்ச்சல் விட்டுவிடுகிற மாதிரி லிஃப்ட் வாயை மூடிக்கொண்டிருந்தது. சரியாகிவிட்டது என்று எழுதிவிட்டு, மறுநாள் மேலே போய் வாசித்தார்.

“அண்ணே, திரும்ப வந்துடுச்சாம். இப்ப அலறலை, முனகுதாம்.”

மறுபடி பரிசோதனை. மறுபடி எண்ணெய். இப்படியே ஒன்றுவிட்டு ஒரு நாள் ஓடியது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவர் கம்பெனி எண்ணெயில் வைத்துக்கொண்டிருந்தார். கிளாரினெட்டின் வாய் தரையைப் பார்த்தபடிதான் இருக்கும் என்பதும், அதற்கு நேர் கீழே பன்னிரண்டு மாடிக்கும் போகிற ஓட்டை இருக்கிறது என்பதும், புனல் வைத்து ஊற்றுவதுபோலத் தான் சத்தத்தை அதற்குள் ஊற்றுகிறோம் என்பதும் அவருக்குத் தோன்றவே இல்லை. எந்த ஓட்டை வழியாக எந்தச் சத்தம் எங்கே போகும் என்பது அத்துபடியான மனிதர்தான். ஆனால் தான் எழுப்புவது இசை, தேடிக்கொண்டிருப்பது கோளாறு. இரண்டையும் அவர் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை.

இதற்கிடையில் உதடு மரத்து, புண்ணாகி, ஆறி, மெல்ல வசத்துக்கு வந்தது. தூக்கம் வர்ற பாட்டின் முக்கால்வாசி வந்துவிட்டது. கடைசி அடிதான் கிட்டே சேர்க்கவில்லை. அந்த இடத்தில் மெட்டு கீழ்ச்சுரங்களிலிருந்து மேலே தாவும். ஒற்றை விரலில் நின்றுகொண்டிருக்கிறவர் கண்ணிமைக்கும் நேரத்தில் மற்ற எல்லா விரல்களையும் அந்தந்தத் துளையில் வைத்தாக வேண்டும். ஒரு விரல் மயிரிழை விலகினாலும் கீச்சென்று கத்தும். ஒன்பதரை தினமும் அந்த இடம் வரைக்கும் வந்து, கீச்சென்று கத்த வைத்து, பெட்டியை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஒரு நாள் புகார் அம்மாவின் குரலிலேயே ஒரு தயக்கம் இருந்தது.

“அண்ணே, லிஃப்டு பாடுதாம்.”

“யாரும்மா சொன்னது?”

“ஏழாம் மாடி. நேர்ல வரச் சொல்றாங்க.”

ஏழாம் மாடியில் இருந்தவர் மெய்ப்புத் திருத்துபவர். பதிப்பகங்கள் அனுப்புகிற தாள்களில் எழுத்துப் பிழை பிடிப்பது தொழில். ஒல்லியான மனிதர், காதில் சிவப்புப் பென்சில். ஒன்பதரையை உட்காரக்கூடச் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“சார், சத்தம் சத்தம்னு சொன்னா உங்களுக்குப் புரியாது. நானே செஞ்சு காட்டுறேன். மத்தியானமானா மோட்டார் இப்படிப் போகுது.”

கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் முனகத் தொடங்கினார். ஒன்பதரை தலையைச் சாய்த்துத் தொழில் கவனத்தோடு கேட்டார். பேரிங் தேய்ந்திருக்குமோ, கயிறு உரசுகிறதோ என்று மனம் ஓடியது. மெய்ப்புத் திருத்துபவர் முனகிக்கொண்டே போய் நடுவில் ஓர் இடத்தில் குரலைக் கீழே இறக்கினார். அங்கே ஒன்பதரைக்குப் பொறுக்கவில்லை.

“இல்ல சார். அந்த இடத்துல கொஞ்சம் மேல ஏறணும்.”

“எதுக்கு?”

“அதுதான் சார் மெட்டு. இப்படி வரும்,” என்று ஒன்பதரை தானே முனகிக் காட்டினார்.

மெய்ப்புத் திருத்துபவர் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தார்.

“லிஃப்டுக்கா சார்?” என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும். ஒன்பதரைக்குக் காது சிவந்துபோனது. அலறல், முனகல், பாட்டு என்று வந்த புகார்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. தான் விட்ட எண்ணெயெல்லாம் நினைவுக்கு வந்தது. இதில் இன்னொரு வேதனை: இந்த மனிதர் அந்த இடத்தில் குரலை இறக்கியது அவர் தப்பில்லை. மூன்று வாரமாகத் தான் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

“சார், ஆபீஸ்ல சொல்லிடாதீங்க. வேலை போயிடும்,” என்று கெஞ்சி, மெஷின் ரூமில் வாசித்ததையும் அதற்குக் காரணமான அக்காவின் கதையையும் கொட்டினார். செய்தித்தாளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

“அதை விடுங்க சார். முடிவு என்ன?”

“என்ன முடிவு?”

“தினம் ஒரு இடம் வரைக்கும் வருது, கீச்சுங்குது, நின்னுடுது. கடைசிப் பக்கம் கிழிஞ்ச புஸ்தகத்தைக் கையில குடுத்த மாதிரி தவிச்சுக்கிட்டிருக்கேன். நான் புகார் குடுத்ததே அதுக்குத்தான்.”

முடிவு தனக்கே இன்னும் வரவில்லை என்று ஒன்பதரை ஒப்புக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து ஏழாம் மாடி வீட்டின் பின்னறை அவருக்குக் கிடைத்தது. நான்கு சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை பழைய மெய்ப்புத் தாள் கட்டுகள். ஊதிய சத்தத்தைக் காகிதம் குடித்துவிடும். பக்கத்து வீட்டுக்கு ஒரு சொட்டுப் போகாது. மெய்ப்புத் திருத்துபவர் முன்னறையில் தன் வேலையைப் பார்ப்பார். இவர் தப்பு விட்டால் மட்டும் சிவப்புப் பென்சிலால் மேஜையில் டொக்கென்று ஒரு தட்டு. புகார் அம்மா போன் செய்து, “அண்ணே, லிஃப்டு சரியாயிடுச்சாம். ஆனா ரெண்டு மூணு வீட்டுல பாட்டை ஏன் நிறுத்திட்டீங்கன்னு கேக்கறாங்க,” என்றார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு கடைசி அடி வந்துவிட்டது. முன்னறையில் பென்சில் சத்தம் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து எட்டிப் பார்த்தால், மெய்ப்புத் திருத்துபவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். “அப்ப அதுதான் முடிவா. நல்லா இருக்கு சார்,” என்றார்.

சலவைப் பிரிவில் அன்று மதியத்தோடு இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள். இஸ்திரி மேஜைகளை ஓரம் தள்ளி, வெள்ளை விரிப்புகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்பதரை மனைவியோடு உள்ளே நுழைந்ததுமே புரிந்துவிட்டது, அக்கா சும்மா சொல்லவில்லை. எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. “இவருதானா,” என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். ஒரு பெண் வந்து, “உங்க அக்கா உங்களைப் பத்திப் பேசாத நாளே கிடையாதுங்க. தம்பி பெரிய குழுவுல வாசிக்கிறான்னு சொல்லுவாங்க,” என்றார். ஒன்பதரை திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஆக, பொய் அந்தப் பக்கமும் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

வாசித்தார். உண்மையிலேயே நன்றாக வாசித்தார். கடைசி அடியில் விரல்கள் எல்லாம் ஒன்றாக இறங்கின, சுரம் மேலே தாவி நின்றது. அக்காவின் முகத்தைப் பார்த்தபோது ஒரு மாதப் புண்ணும் மறந்துபோனது. கைத்தட்டல் அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள்.

“இன்னொண்ணு வாசிங்க.”

ஒன்பதரையிடம் இன்னொன்று இல்லை. ஒரு மாதத்தில் ஒரு பாட்டைத்தான் மீட்டிருந்தார். பழைய பாட்டுகள் எல்லாம் தலைக்குள் எங்கோ இருந்தன, விரலுக்கு வரவில்லை. எல்லோரும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடித்தார். ரீடை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். கடைசியில் வேறு வழியில்லாமல், அதே தூக்கம் வர்ற பாட்டைக் கொஞ்சம் வேகமாக வாசித்தார். கூட்டம் அதற்கும் கைத்தட்டியது. ஒரு சிலர், இதைவிட முந்தினதுதான் நல்லா இருந்தது என்றார்கள். மூன்றாவதாக ஒன்று கேட்டபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டியை மூடினார். அக்கா மட்டும் கைத்தட்டவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, தொங்கவிட்டிருந்த விரிப்புகளை அக்காவும் தம்பியும் அவிழ்த்து மடித்தார்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, விலகி நின்று, கிட்டே வந்து மடிக்க வேண்டும். மனைவி சற்றுத் தள்ளிப் பைகளோடு நின்றார்.

“ஏண்டா, உனக்கு ஒரு பாட்டுதான் தெரியுமா?” என்றார் அக்கா.

நாளைக்குத்தான் லிஃப்ட் ஓடும் என்று பல பேர் முகத்துக்கு நேராகச் சொன்ன வாய், இதைச் சொல்ல இவ்வளவு வருஷம் எடுத்துக்கொண்டது.

“நான் வாசிக்கலைக்கா. கல்யாணத்துக்கு அப்புறம் பெட்டியைத் திறக்கவே இல்லை. இந்த ஒரு மாசமாத்தான் திரும்ப எடுத்தேன்.”

“வாரா வாரம் கேட்டேனே. வாசிக்கிறேன்னியே.”

“பேப்பர் வாசிச்சேன்க்கா.”

வேறொரு நாளாக இருந்தால் அக்கா வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை. கையிலிருந்த விரிப்பின் முனையைக் கீழே விடாமல் பிடித்தபடியே நின்றார்.

“இங்கே ஞாயித்துக்கிழமையும் வேலை உண்டுடா. நீராவி முகத்துல அடிக்கும், கை எரியும். அப்பல்லாம் நினைச்சுக்குவேன், இந்நேரம் தம்பி வாசிச்சிட்டிருப்பான்னு. அது எனக்குப் போதுமா இருந்துச்சு. அந்த நேரத்துல எல்லாம் நீ என்ன பண்ணிட்டிருந்தே?”

ஒன்பதரை யோசித்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

“தூங்கிட்டிருந்திருப்பேன்க்கா.”

அக்கா விரிப்பைத் தானே மடித்து முடித்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க,” என்றார். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அக்கா சொல்லாமல் அவர் அந்த ஊரைவிட்டுக் கிளம்பியது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் மனைவி, “இப்பவாவது சொன்னீங்களே,” என்றார். ஒன்பதரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். இருபது வருஷத்தில் தான் வாசிக்காத எத்தனையோ பாட்டுகளை அக்கா கேட்டிருக்கிறார், அதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் பிடுங்கிவிட்டோம் என்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கவில்லை. இவர் கூப்பிட்டார், எடுக்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. ஏழாம் மாடிப் பின்னறைக்குப் போவதை மட்டும் அவர் விடவில்லை. விட்டால் இன்னும் கேவலம் என்று தோன்றியது. மில் பேண்டு பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். பாதி வந்தது, பாதி கீச்சென்றது. பென்சில் ஓயாமல் தட்டியது.

மூன்றாவது ஞாயிறு காலையில் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அக்கா. தோளில் ஒரு துணிப்பை, முகத்தில் பஸ் தூசி. உள்ளே வந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தார்.

“போன்ல கேட்டு நம்புறதெல்லாம் இனிமே ஆகாது,” என்றார். “எங்கே வாசிக்கிறே? காட்டு.”

இருவரும் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்குப் போனார்கள். மெய்ப்புத் திருத்துபவர் அக்காவுக்குத் தன் நல்ல நாற்காலியையே தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னறையில் போட்டார். அக்கா உட்கார்ந்தார், பையை மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் போகிறவர்போலவே இருந்தார். ஒன்பதரை புதிதாக எடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டைத் தொடங்கினார். நாலு அடி ஒழுங்காகப் போனது. ஐந்தாம் அடியில் சுரம் தவறியது. முன்னறையில் டொக். சமாளித்து மேலே போனார். மேலே தாவும் இடத்தில் வீடே அதிர்கிற மாதிரி கீச்சென்றது.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது.

“நான் மனசுல கேட்டதுல நீ ஒரு தடவைகூடத் தப்பு விட்டதில்லைடா,” என்றார்.

ஒன்பதரை கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். வாத்தியத்தை மடியில் கிடத்தி, மேல்பாகத்தைக் கீழ்ப்பாகத்திலிருந்து திருகிக் கழற்றப் போனார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் நிறுத்தச் சொன்னேனாடா?”

ஒன்பதரை ரீடை நாக்கால் நனைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.